கடல் கடந்து கற்பிக்கச் செல்லும் நம் மக்கள்

ஆத்தங்குடியில் நடைபெற்ற நமது சங்கக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு



இவ்வூரில் இப்பெரிய வளவின் முற்றத்தைச் சுற்றி நாமெல்லோரும் ஒருங்கு கூடியிருப்பது மிக்க மகிழ்ச்சி தருகின்றது. சங்கத்தார் நம்மைப் பேசுமாறு பணித்தபோது எடுத்துத் தந்த விஷயம் சற்றுப் புதியது. நம் குடும்பங்களைச் சேர்ந்த பட்டதாரிகள் சிலர், அவருள்ளும் பெண்கள், அயல்நாட்டுப் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியராகப் பணியேற்றுச் செல்லத் தலைப்பட்டிருக்கின்றனர். அவ்வாறு சென்றவர் ஆங்கே அன்றாட வாழ்க்கையில் நிலைகொள்வது எப்படி என்பதே விஷயம். இவ்வாண்டு மகளைப் பயணம் அனுப்பலாமா வேண்டாவா என்று தத்தளித்துக்கொண்டிருக்கும் பெற்றோர் சிலர் இக்கூட்டத்தில் இருக்கின்றனர் என்பதை அறிவோம். ஆதலின் அலங்காரப் பேச்சை விடுத்து, பயன்படும் பேச்சாக இதனை அமைத்துக்கொள்ள விரும்புகின்றோம்.

நம் முன்னோர் கடல் கடந்ததைக் ‘கொண்டுவிக்கப் போதல்’ என்று சொல்லிவந்தனர். இலங்கை, பர்மா, மலேயா, சைகோன் முதலிய இடங்களுக்கு அவர் சென்றது தனவணிகத்தின் பொருட்டு. கற்பிக்கும் பொருட்டுக் கடல் கடப்பதும் தமிழர்க்குப் புதிதன்று. ஆங்கிலேயர் ஆண்ட மலேயாவின் ஆங்கிலப் பள்ளிகளில் யாழ்ப்பாணத்துத் தமிழர் பலர் ஆசிரியராயிருந்து பெயர் பெற்றனர். இத்தாலியர் பிடியினின்றும் 1941-இல் விடுபட்ட எத்தியோப்பியா தன் பள்ளிகளை மீண்டும் எழுப்பிய காலத்தில் இந்தியாவிலிருந்து ஆசிரியரைத் தருவித்துக்கொண்டது. இன்று தென்னாட்டிலிருந்து ஆசிரியர் பலர் செல்லும் அண்டை நாடு மாலத்தீவு. நம் பிள்ளைகள் சிலர் செல்வதும் அங்கேயே. ஆகையால் அந்நாட்டையே உதாரணமாக வைத்துப் பேசுகின்றோம்.

முதற்கண் நம் முன்னோர் அயலிடத்தில் எவ்வாறு நிலைகொண்டனர் என்பதை நினைவுகூர்தல் நலம். இளம்பிள்ளை பெட்டியடிப் பையனாகக் கப்பலேறினான், பிறகு அடுத்தாளானான், திறமை கண்டபின் மேலாளாகி ஒரு கடையையே நடத்தினான். ஒரு கணக்கு என்பது மூன்று ஆண்டு. அதுவரை ஊரைக் காண்பதில்லை. தங்கியிருந்தது கிட்டங்கியில். பல கடைக்காரர் ஒரே நீண்ட கூடத்தில் தத்தம் பெட்டியும் மேசையும் வைத்துக்கொண்டு பகலில் தொழில் நடத்தினர். இரவில் அவ்விடத்திலேயே படுத்துறங்கினர். ஒரே சமையலை உண்டனர். பினாங்கில் 1857-லும் சிங்கப்பூரில் 1859-லும் தண்டாயுதபாணிக்குக் கோயில் எடுத்தனர். புதிதாய்ச் சென்ற பையனுக்குத் தொழில் கற்பிக்க மேலாளும், நோய் வந்தாற் பார்க்கப் பங்காளியும், மனம் கலங்கினால் முறையிட முருகனும் அங்கே இருந்தனர். அந்த ஏற்பாட்டின் அருமையை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம்.

ஆயினும், அதே ஏற்பாட்டில் ஒரு குறையும் இருந்தது. நம்மவர் கூட்டத்தில் நம்மவரே எடுத்துச் சொல்லவேண்டிய உண்மை அது. பர்மாவில் நம்மவர் கடைகள் ஏறக்குறைய 1,650 என்று 1930-இல் அம்மாகாண வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. அவ்வாண்டில் கீழ்ப்பர்மாவின் முக்கியமான 13 நெல் ஜில்லாக்களில் நம்மவர் வசமிருந்த சாகுபடி நிலம் 100-க்கு 6 பங்கு. உலகெங்கும் விலைவாசி வீழ்ந்தது. நெல் விலையும் வீழ்ந்தது. கடன் வாங்கிய குடியானவரால் திருப்பித் தர இயலவில்லை. நிலத்தை நம்மவர் நாடிச் சென்றாரல்லர். பணம் வரவில்லை, ஈடு வந்து சேர்ந்தது. 1937-க்குள் அப்பங்கு 25 ஆயிற்று. நிலம் இழந்தவன் உலகச் சந்தையைக் குற்றஞ்சொல்வானா? எதிரே பெட்டியடியில் உட்கார்ந்திருப்பவரையே குற்றஞ்சொன்னான். 1942-இல் ஜப்பானியர் படையெடுத்தபோது இந்தியர் பெருந்திரளாய்க் காடும் மலையும் கடந்து ஓடிவந்தனர். 1948-இல் நிலங்களை அரசுடைமையாக்கும் சட்டம் அங்கே பிறந்தது.

இப்பழங்கதை ஆசிரியத் தொழிலுக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் முன்னோரிற் பெரும்பாலோர் அந்நாட்டில் நெடுங்காலம் இருந்தும் கிட்டங்கிக்குள்ளேயே வாழ்ந்தனர். கடனாளியின் நிலத்தளவு தெரியும். அவன் பிள்ளைகளின் பெயர் தெரியாது. உலக விலை வீழ்ச்சியை அண்டை வீட்டார் நட்பு தடுத்திருக்கும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால், ஓரிடத்தில் தங்கியிருத்தல் வேறு, அவ்விடத்தில் வாழ்தல் வேறு என்பதை அந்த அனுபவம் நமக்குக் கற்பித்திருக்கின்றது. இன்று செல்லும் நம் பிள்ளைகட்குக் கிட்டங்கியும் இல்லை, மேலாளும் இல்லை. அஃதொரு குறையே. எனினும், முன்னோர் செய்யாததொன்றைச் செய்யும் வாய்ப்பும் அதனாலேயே வாய்க்கின்றது.

மாலத்தீவு ஏறத்தாழ 1,200 பவளத் தீவுகளாலானது. மக்கள் வாழ்வது 200-க்கும் குறைந்த தீவுகளில். தலைநகர் மாலே மிகச் சிறிய நிலத்தில் மாடிமேல் மாடியாய் நெருங்கிய நகரம். வெளித்தீவுகளோ, ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பேசிக்கொண்டே நடந்துவிடத் தக்கவை. மக்கள் அனைவரும் இஸ்லாமியர். பேசுவது திவேகி மொழி. அது சிங்களத்துக்கு உறவானது. பழைய பள்ளியாகிய மஜீதியா 1927-இல் தோன்றியது. 1960-களின் தொடக்கத்தில் மாலேயில் ஆங்கிலவழிக் கல்வி வந்தது. அதற்கு வேண்டிய ஆசிரியர் உள்நாட்டில் போதாமையால் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் தருவித்தனர். அவ்வழியாகவே கேரளத்தாரும் தமிழ்நாட்டாரும் இன்றுவரை செல்கின்றனர்.

இனிப் புறப்படுமுன் செய்யத்தக்கவை. நம் முன்னோர் சம்பளச் சீட்டு எழுதாமற் கப்பலேறியதில்லை. நாமும் உடன்படிக்கையை எழுத்தெழுத்தாகப் படித்த பின்னரே கையொப்பமிடல் வேண்டும். சம்பளம் அந்நாட்டு ரூஃபியாவிலா டாலரிலா, குடியிருப்பு யார் பொறுப்பு, விடுமுறைக்கு ஊர் வந்து மீளும் கட்டணம் யாருடையது, காலத்துக்கு முன் விலகினால் என்னாகும் என்னும் இந்நான்கினையும் கேட்டறிக. ஆள் சேர்க்கும் முகவர் இந்திய அரசிற் பதிவு பெற்றவரா என்று பார்க்க. அவர் வாங்கத்தக்க கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதன்மேல் வரியும் என அரசு வரம்பு வகுத்திருக்கின்றது. மேலே கேட்பவரிடம் எச்சரிக்கை வேண்டும். ஐயமிருப்பின் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தை நாடலாம். கடவுச்சீட்டைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு இருத்தல் ஆகாது. அது நம் அரசின் உடைமை.

மற்றொன்று நம்மவர்க்கு மனவருத்தம் தரக்கூடியது. வழிபாட்டுக்குரிய விக்கிரகங்களை அந்நாட்டுக்குள் கொண்டுசெல்லச் சட்டம் இடந்தரவில்லை; பிற சமயத்தார் பொதுவிடத்தில் வழிபடுதலும் கூடாது. பெட்டியில் முதலில் வேலும் மயிலும் வைத்துப் பழகிய குடும்பத்தார்க்கு இது கடினமே. ஆயினும், விருந்தாளியாய்ச் சென்ற வீட்டின் ஒழுங்கை மீறுதல் நம் மரபன்று. சஷ்டி விரதம் மனத்தளவில் இருக்கலாம்; பிள்ளையார் நோன்பன்று செல்பேசியின் வழியே வீட்டாரோடு கூடிக்கொள்ளலாம். இழை எடுக்கும் நேரத்தில் மகளின் முகத்தைத் திரையில் காணும் ஆச்சிமார் சிலர் இங்கேயே இருக்கின்றனர். ரமலான் மாதத்தில் பகற்போதில் பிறர் காண உண்ணாதிருத்தலும், உடையில் அடக்கம் பேணுதலும் இவ்வாறே கொள்ளத்தக்கன.

சென்று சேர்ந்த முதல் வாரங்களைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில், பலர் மனமுடைவது அப்போதுதான். அங்கே வாரவிடுமுறை வெள்ளியும் சனியும்; ஞாயிற்றுக்கிழமை பள்ளி உண்டு. ஊரிலுள்ளோர் ஓய்வாய்ப் பேச விரும்பும் நாளில் இவர் வகுப்பில் நிற்பார். இவர் ஓய்ந்திருக்கும் வெள்ளியன்று ஊரார் வேலையிலிருப்பர். இச்சிறு மாற்றமே தனிமையைப் பெருக்கும். குடிநீர், மழைநீரும் கடல்நீரினின்று உப்பகற்றிய நீருமாம். 2014 டிசம்பரில் மாலேயின் நீராலையில் தீப்பற்றியபோது இந்தியாவிலிருந்து விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பப்பட்டது. முற்றத்தில் விழும் மழையை அண்டாவில் பிடித்துவைத்த வீட்டுப் பிள்ளைகட்கு நீரின் அருமையைச் சொல்லித்தர வேண்டுவதில்லை. காய்கறி பெரும்பாலும் கப்பலில் வருவதே, மீனோ மிகுதி. நம் சமையலறையில் மாசி என்று வழங்கும் கருவாடு அத்தீவுகளிலிருந்து வந்ததே. காலையில் அவர்கள் மாசியும் தேங்காய்த்துருவலும் வெங்காயமும் பிசைந்து ரொட்டியுடன் உண்பர். அந்த ரொட்டியை ரோஷி என்பர். மரக்கறி மட்டுமே உண்பவர் பருப்பும் புளியும் பொடிவகைகளும் எடுத்துச் செல்க.

நம் பக்கத்துப் பெண்ணொருத்தி வெளித்தீவுப் பள்ளியொன்றில் ஆங்கிலம் கற்பிக்கச் சென்றாள். மூன்றாம் வாரத்தில் ஓரிரவு அழைத்து, “அப்பச்சி, எனக்கு இங்கே தரிக்கவில்லை. மழை ஓயவில்லை. பள்ளிக்கூடம் விட்டால் ஒருவரோடும் பேச்சில்லை. அடுத்த படகில் கிளம்பிவிடுகிறேன்” என்று அழுதாள். தகப்பனார் வாய்திறவாமல் நின்றார். ஆச்சியோ, “அன்றே வேண்டாமென்றேனே” என்று கண் கலங்கினார். அப்போது அப்பத்தாள் செல்பேசியை வாங்கிச் சொன்னதாவது: “ஆத்தா, என் மாமனார் ரங்கூனிலிருந்து எழுதிய முதற் கடுதாசி நம் பெட்டகத்தில் இருக்கிறது. அவரும் இதைத்தான் எழுதினார். அவர் மூன்று வருஷம் இருந்துதான் வந்தார். நீ அவ்வளவு இருக்கவேண்டாம். பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளையின் பெயர் என்ன?” பேத்திக்குத் தெரியவில்லை. “அதைக் கேட்டுக்கொண்டு, அவள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, பிறகு கிளம்பி வா” என்றார் அப்பத்தாள்.

மறுநாள் அவள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். அவ்வீட்டுத் தாய்க்கு ஆங்கிலம் சிறிதே தெரியும். இவளுக்குத் திவேகி அறவே தெரியாது. ‘ஃபென்’ என்றால் தண்ணீர் என்று அன்று கற்றாள். ‘ஷுகுரிய்யா’ என்று நன்றி சொல்லக் கற்றாள். பிறகு அவ்வீட்டுப் பிள்ளைகள் மாலைதோறும் இவளிடம் பாடம் கேட்க வந்தனர். இவள் அவர்களிடம் சொல் கேட்டாள். உடன்படிக்கைக் காலம் முழுவதும் இருந்து, மேலும் ஓராண்டு நீட்டித்துக்கொண்டுதான் ஊர் வந்தாள். அப்பத்தாள் சொன்னது பெரிய உபாயமொன்றுமன்று. ஆனால், நம்மவர் முன்பு செய்யத் தவறியது அதுவே.

வகுப்பறைக்கு வருவோம். திவேகியைத் தானா என்னும் எழுத்தில் எழுதுவர். அது வலமிருந்து இடமாகச் செல்வது. ஆங்கிலமோ இடமிருந்து வலம். சிறு குழந்தை ஒரே நாளில் இரு திசையிலும் எழுதப் பழகுகின்றது. அக்குழந்தை ஓரெழுத்தைத் திருப்பி எழுதினால் மந்தபுத்தி என்று நினைப்பது பேதைமை. நம்மில் எத்தனை பேர் அவ்வாறு இருதிசையும் எழுத வல்லோம்? உச்சரிப்பிலும் கர்வம் கூடாது. தமிழிலும் சிங்களத்திலும் பகரம் வரும் இடங்கள் பலவற்றில் திவேகியில் ஃபகரம் வரும். ஆதலால் நம் நாவில் சில சமயம் பகரமாக விழுந்துவிடும் ஆங்கில ஓசை அக்குழந்தைகளின் நாவில் இயல்பாகவே வரும். மாணவர் நகைத்தால் ஆசிரியரும் உடன் நகைத்துத் திருத்திக்கொள்க. அது அவமானமன்று. கற்பவர் முன்னிலையில் தாமும் கற்பவராயிருக்கும் ஆசிரியரைப் பிள்ளைகள் விரும்புவர்.

மேல்வகுப்பினர் எழுதுவது கேம்பிரிட்ஜ் முறையிலான தேர்வு. நம் ஊரிற்போல விடையை நெட்டுருச் செய்வித்தால் அங்கே பயன் விளையாது. மாணவர் தம் சொந்த வாக்கியத்தில் கடிதமும் கட்டுரையும் எழுதவேண்டும். அதற்கு அவர் வாழ்க்கையிலிருந்தே பொருள் எடுத்துக் கொடுக்க. சென்னைக் கடைத்தெருவை வருணிக்கச் சொன்னால் அப்பிள்ளை என்ன செய்யும்? மீன்பிடி படகு கரைசேர்வதை எழுதச் சொல்லுக. பவளத்தீவு வட்டத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘அட்டோல்’ என்னும் சொல் திவேகியிலிருந்தே அம்மொழிக்குச் சென்றது. நம் கட்டுமரமும் அவ்வாறே ஆங்கிலத்தில் ஏறியது. முதல் வகுப்பில் இவ்விரு சொற்களையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுக. ஆங்கிலம் தமக்கு அயலான அதிகாரிமொழி என்று அஞ்சியிருந்த குழந்தை, அதனுள் தன் வீட்டுச் சொல் இருக்கக்கண்டு நிமிர்ந்து உட்காரும்.

பொருள் விஷயத்தில் செல்பவர்க்கு ஒரு சொல்லும் வீட்டிலிருப்போர்க்கு ஒரு சொல்லும் உண்டு. செல்பவர் முதல் மாதத்திலிருந்தே பேரேடு ஒன்று வைத்துக்கொள்க. ஆண்டுக்கொருமுறை ஐந்தொகை போட்டுப் பார்க்க. அந்நாட்டில் டாலர் தட்டுப்பாடு அடிக்கடி நேர்வதாலும், வங்கிகள் வெளியே அனுப்பும் தொகைக்கு வரம்பு வைப்பதுண்டாதலாலும், ஊரில் எவ்விதக் கடன் தவணையையும் அச்சம்பளத்தை நம்பி ஒத்துக்கொள்ளுதல் ஆகாது. வீட்டிலிருப்போரோ, ஆசிரியச் சம்பளத்தைப் பர்மாக் காலத்து வட்டி வருமானமாக எண்ணிவிடல் வேண்டா. பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் கொண்டு எழுப்பிய இம்மாளிகைகளிற் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. இடித்தவற்றின் தூண்களும் கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விலைக்கு நிற்கின்றன. மகள் கடல் கடந்து வகுப்பில் நின்று ஈட்டும் பணத்தை, சீர்வரிசையின் ஆடம்பரத்துக்கும், பிறர் மெச்சும் ஒருநாள் விருந்துக்கும் கேட்டு வாங்குவது நியாயமா? அவள் மேற்படிப்புக்கும் அவள் பெயரிற் சேமிப்புக்கும் அது முதலில் உரியதாகுக.

பெண்மக்களைத் தனியே அனுப்புவதா என்று கேட்கும் பெற்றோர்க்கு நம் விடை இது. முன்பு ஆண்மக்கள் சென்றனர். ஆச்சிமார் இங்கே இருந்து, மூன்று ஆண்டுக்கொருமுறை வரும் கணவரை எதிர்நோக்கி, பிள்ளை வளர்த்து, கொடுக்கல் வாங்கல் பார்த்து, வீடு காத்தனர். அத்துணைப் பொறுப்பைத் தாங்கியவரின் பேத்தியர்க்கு ஒரு பள்ளியில் நின்று பாடம் சொல்லும் வலிமை இல்லையென்பது பொருந்தாது. ஆனால், அனுப்பிவிட்டுக் கைகழுவுதலும் கூடாது. குடியிருப்பு எத்தகையது, உடன் பணிபுரிவோர் யாவர், மருத்துவமனை எவ்வளவு தொலைவு என்று விசாரித்தறிக. மாலேயில் இந்திய உதவியுடன் கட்டி 1995-இல் திறந்த இந்திரா காந்தி நினைவு மருத்துவமனை உண்டு; வெளித்தீவினர் பலர் பெரிய நோய்க்கு அங்கே வருவதுண்டு. இந்தியத் தூதரகமும் மாலேயிலேயே உள்ளது. நம் சங்கம் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. முன்னே சென்றவரையும் இனிச் செல்வோரையும் அறிமுகம் செய்துவைத்து, சுவரில்லாத கிட்டங்கியொன்றை ஏற்படுத்துதல். அதற்கு மகமை வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேடும் மனமும் போதும்.

அயல்நாட்டில் அரசியற் காற்று ஒரேவிதமாய் வீசுவதில்லை. இந்தியப் படைவீரர் தங்கியிருத்தல் கூடாதென்னும் முழக்கம் மாலத்தீவில் வலுத்து, 2024 மே மாதத்துக்குள் அவர்கள் திரும்பினர். இரு நாட்டாரிடையிலும் கடுஞ்சொற்கள் பறந்த அக்காலத்திலும் இந்திய ஆசிரியர் வகுப்பறைகளில் பாடம் நடத்திக்கொண்டுதான் இருந்தனர். ஆசிரியர் அவ்வாதங்களில் வாய்கொடாதிருத்தல் அறிவுடைமை. மேலும், அந்நாட்டாரே ஆசிரியராய்த் தேறிவருகின்றனர். 2011-இல் அவர்களுக்குத் தனிப் பல்கலைக்கழகமும் அமைந்தது. நாளடைவில் அயலார் வேண்டாத நிலை வரும். அதனை நட்டமெனக் கருதலாகாது. கொடுத்த கடன் திரும்பி வந்தால் தனவணிகர்க்கு லாபம். கற்ற மாணவர் ஆசிரியரைச் சாராமல் நிற்பாராயின் ஆசிரியர்க்கு லாபம். அந்த லாபத்தை எந்நாட்டுச் சட்டமும் பறிமுதல் செய்ய இயலாது.

இவ்வூர்க் கல்லை நீங்கள் அறிவீர்கள். சூளையில் இட்டுச் சுடுவதில்லை. கண்ணாடியின்மேல் வண்ணத்தை வார்த்து, மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து, பிறகு உலர்த்தி எடுக்கின்றனர். ஊறுமுன் அவசரப்பட்டுப் பெயர்த்தால் விரிந்துபோகும். புதிய ஊரில் மனிதர் நிலைகொள்வதும் அத்தகையதே. முதல் மாதத்தில் மனம் இறுகவில்லையென்று அஞ்ச வேண்டா. அதற்குரிய நாள் ஆகவேண்டும்.

அன்பர்களே, நம் முன்னோர் கொண்டுவிக்கச் சென்றனர். பொருள் வந்தது, உறவு நிலைக்கவில்லை. கொண்டு கொடுத்து வாழ்வதே உறவென்று நம் வீடுகளில் சொல்லுகின்றோம். இன்று செல்லும் பிள்ளைகள் ஆங்கிலத்தைக் கொடுத்து, அந்நாட்டுச் சொல்லையும் அன்பையும் கொண்டு வருவாராக. அவர் திரும்பி இவ்வளவில் அடிவைக்கும்போது எவ்வளவு சேர்த்தாய் என்று கேட்பதற்கு முன், பக்கத்து வீட்டார் பெயர் என்ன என்று நாம் கேட்போமாக. பயணம் சொல்லிக்கொள்ள வந்திருக்கும் பிள்ளைகட்கு முருகன் அருள் முன்னிற்பதாகுக என வாழ்த்தி அமைகின்றோம்.